57க்கு 60, 58க்கு 56: கொழும்பு மாநகரக் கணக்கில் நாம் அறிந்த எண்களும் அறியாத எண்களும்

2025 டிசம்பர் 22ஆம் திகதி கொழும்பு மாநகர சபையின் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 57, எதிராக 60. மூன்று வாக்குகளால் தோற்றது. ஒன்பது நாள் கழித்து, ஆண்டின் கடைசி நாளில், மறுபடியும் வந்தது. ஆதரவாக 58, எதிராக 56. இரண்டு வாக்குகளால் நிறைவேறியது. அந்த நாட்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த நான்கு எண்களைச் சுற்றித்தான் பேச்செல்லாம் ஓடியது. யார் எந்தப் பக்கம் நின்றார், எந்தக் கட்சி யாரைக் கண்டித்தது, மேயர் தப்புவாரா மாட்டாரா என்று பேசாதவர் குறைவு. தோற்றதும் வென்றதும் ஒரே ஆவணம்தானே, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர் அதைவிடக் குறைவு.

வாக்கு எண்ணிக்கையை அறிய ஒருவருக்கும் ஒரு சதம் செலவாகவில்லை. அந்தத் திட்டத்துக்குள் இருக்கும் ஓர் எண்ணை, உங்கள் வீதியின் வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற ஒரேயோர் எண்ணை, அறிந்துகொள்ள என்ன செலவாகும்? ரூபாவில் எவ்வளவு, தாளில் எவ்வளவு, நாளில் எவ்வளவு? இந்த மூன்றையும் கூட்டிப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

முதலில் நகரின் அளவு. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் உருவான சபை இது. பரப்பு 37.31 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாநகர எல்லைக்குள் 561,314 பேர். தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல். 1937இல் இந்த நகரின் முதல் மேயராகத் தெரிவானவர் டொக்டர் ரட்ணஜோதி சரவணமுத்து என்பதைப் பழைய கொழும்பார் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்றைய சபையில் 117 உறுப்பினர்கள். ஆளுக்கு ஏறக்குறைய 4,800 குடிமக்கள். 2025 ஜூன் 16 அன்று இந்த 117 பேரும் இரகசிய வாக்களிப்பில் மேயரைத் தெரிவுசெய்தார்கள். விராய் கெலி பல்தசாருக்கு 61, ரிஸா சரூக்குக்கு 54, செல்லாதவை 2. இந்த எண்களும் எல்லாருக்கும் தெரியும்.

இனி நம் பக்கத்துப் பணம். வீட்டின் ஆண்டுப் பெறுமதியை மதிப்பிட்டு, அதில் ஒரு விகிதத்தைச் சோலை வரியாக அறவிடும் அதிகாரம் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு காலாண்டு. முழு ஆண்டுக்குரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். கணக்குக்காகக் காலாண்டு வரி 6,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000. ஜனவரியிலேயே கட்டுகிறவருக்கு 2,400 மிச்சம், 21,600 கட்டினால் போதும். காலாண்டுதோறும் முந்திக் கட்டுகிறவருக்கு 1,200 மிச்சம். வெள்ளவத்தை மாடிக்குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய ஓட்டு வீடுகளிலும் ஓய்வூதியக்காரர்கள் ஜனவரி மாதம் வரிசையில் நிற்பது இந்த 10 வீதத்துக்காகத்தான். வாடகைக்கு இருப்பவர் தனக்கு இதில் பங்கில்லை என்று நினைப்பார். வரி வாடகைக்குள் ஏறிவிடுகிறது. ஆகவே கட்டுகிறவர்களின் எண்ணிக்கை பற்றுச்சீட்டுகளின் எண்ணிக்கையைவிடப் பெரியது.

கட்டும் திகதி, கழிவு வீதம், தவறினால் வரும் அறிவித்தல் எல்லாம் துல்லியமானவை. இந்தத் துல்லியம் ஒரு பக்கம் மட்டும் இருப்பது சரியல்ல என்பதே என் வாதம்.

பணத்தைச் செலவழிக்கும் பக்கம் எவ்வளவு மங்கலாக இருக்கலாம் என்பதற்கு ஒரு காலம் சாட்சி. முந்தைய சபையின் ஆயுள் 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. அதற்கு முன் மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல், திறைசேரி பணம் விடவில்லை என்பதால் நடக்கவில்லை. தேர்தலை நடத்தத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. தேர்தல் வந்தது 2025 மே 6இல், புதிய சபைகளின் காலம் தொடங்கியது ஜூன் 2இல். இடையில் இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் போயிற்று. மாநகர ஆணையாளரின் கையில் நிர்வாகம். 2023இன் இரண்டாம் காலாண்டு தொடக்கம் 2025இன் முதலாம் காலாண்டு வரை 8 முழுக் காலாண்டுகளுக்குச் சோலை வரி கட்டினோம். 2024க்கும் 2025க்கும் இரண்டு வரவு செலவுத் திட்டங்கள் வந்தன. இரண்டுக்கும் தெரிவான உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கூட இல்லை. 57க்கு 60 என்று தோற்பதற்குக்கூட ஆட்கள் இருக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் குடிமகனுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி, தானே ஆவணத்தைக் கேட்டு வாசிப்பது.

அந்த வழியை நமக்குத் தந்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபாநாயகர் 2016 ஓகஸ்ட் 4இல் சான்றுப்படுத்தினார், 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். உலக நாடுகளின் தகவல் உரிமைச் சட்டங்களுக்குப் புள்ளி போடும் தரவரிசையில் 150க்கு 131 பெற்றது. தமிழ்நாடு 1997இலேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றி இந்தியாவுக்கு முன்னே நடந்தது. இந்திய மத்திய சட்டம் 2005இல் வந்தது, விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், காலக்கெடு 30 நாள். இலங்கையில் விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை, காலக்கெடு 14 வேலை நாள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதிலும் கேட்கலாம். மாநகர சபை உள்ளூராட்சி நிறுவனம் என்ற வகையில் முழுக்க முழுக்க இந்தச் சட்டத்துக்குள் அடங்கும்.

கட்டணம் வர்த்தமானியில் அச்சாகியிருக்கிறது. ஏ4 தாளில் முதல் 4 பக்கங்கள் இலவசம். அதற்கு மேல் போட்டோப் பிரதி பக்கத்துக்கு 2 ரூபா, இரு பக்கமும் அடித்தால் தாளுக்கு 4. கணினி அச்சுப் பிரதி பக்கத்துக்கு 4 ரூபா. நீங்கள் கொண்டுபோகும் பென் டிரைவில் ஏற்றித் தர 20 ரூபா. அலுவலகத்தில் இருந்து ஆவணத்தைப் பார்வையிட முதல் மணிநேரம் இலவசம், பின்னர் மணிக்கு 50 ரூபா. மின்னஞ்சலில் அனுப்பினால் கட்டணமில்லை. 300 பக்க ஆவணம் ஒன்றுக்கு இந்த விலைகளைப் பொருத்திப் பார்த்தேன்:

போட்டோப் பிரதி: 296 பக்கம் × 2 = 592 ரூபா
அச்சுப் பிரதி: 296 பக்கம் × 4 = 1,184 ரூபா
அலுவலகத்தில் 6 மணிநேரம் இருந்து வாசித்தல்: 5 × 50 = 250 ரூபா
சொந்தப் பென் டிரைவ்: 20 ரூபா
மின்னஞ்சல்: 0

ஒரே ஆவணம், ஒரே எண்கள், 0 இலிருந்து 1,184 வரை ஐந்து விலை. தாளில் கொடுக்கும்போதுதான் விலை ஏறுகிறது. அதையே எவரும் திறக்கும் இடத்தில் ஒருமுறை இணையத்தில் போட்டுவிட்டால், 561,314 பேருக்கும் விலை 0. எதிர்த்திசையிலும் கணக்குப் போடலாம். அதே 300 பக்கத்தை 117 உறுப்பினர்களுக்கும் அச்சடித்துக் கொடுத்தால் 35,100 பக்கம். இரு பக்கமும் அடித்தாலும் 17,550 தாள், 500 தாள் கட்டுகளில் 35க்கு மேல். உறுப்பினர்களுக்காகக் கணினியில் ஏற்கெனவே தயாரான கோப்பு அது. நமக்காகப் புதிதாக ஒரு பக்கமும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

ரூபாக் கணக்கு இவ்வளவுதான், சிறியது. சட்டத்தின் கட்டணங்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நாள் கணக்குக்கு வந்தால்தான் நெஞ்சு கனக்கிறது.

தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 நாள். ஆவணங்கள் பெருந்தொகையாக இருந்தால் மேலும் 21 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம், அதாவது 21 நாள். அவரும் மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அதற்கு 30 நாள். கேட்பவர் தன் பக்கத்தில் ஒரு நாளையும் வீணாக்காமல், மறுப்புக் கிடைத்த அன்றே அடுத்த படிக்கு ஓடினால்கூட 20 + 21 + 21 + 30 = 92 நாள். எல்லாரும் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்து நடந்தால் வரும் கணக்கு இது. அப்படி நடக்காதபோது என்னவாகும் என்பதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. சொத்து விபர அறிக்கை சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலை ஒரு பத்திரிகையாளர் 2018இல் கேட்டார். கொடுக்க வேண்டும் என்று ஆணைக்குழு சொன்னது 2021 பெப்ரவரியில். அதை மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது 2023 பெப்ரவரியில். சொத்து விபரம்கூட அல்ல, வெறும் பெயர்கள்.

92 நாளை வரவு செலவுத் திட்டத்தின் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டுக்கான திட்டம் டிசம்பர் 31க்குள் நிறைவேற வேண்டும். அங்கிருந்து 92 நாள் பின்னே எண்ணினால் செப்ரெம்பர் 30. அன்று வரைவே கையில் இருக்காது. வரைவு சபைக்கு வரும் டிசம்பரில் ஒருவர் கேட்டால்? 2025 டிசம்பர் 10, புதன்கிழமை, விண்ணப்பம் கொடுத்தார் என்று வைப்போம். நத்தாரைக் கழித்து 14 வேலை நாள் எண்ணினால் சரியாக டிசம்பர் 31இல் வந்து முடிகிறது. முதல் வாக்கெடுப்பு 22இல் முடிந்துவிட்டது, இரண்டாவது அந்த 31ஆம் திகதியே. தகவல் அலுவலர் காலக்கெடு தவறாத நல்ல உத்தியோகத்தராக இருந்து கடைசி நாளில் கோப்பைக் கையில் தந்தாலும், அதை வாசித்துத் தன் வட்டார உறுப்பினரிடம் போய் ஐயா, எங்கள் வீதி எங்கே என்று கேட்க நேரம் இல்லை. வரைவைப் பொறுத்தவரை கேட்டுப் பெறும் உரிமை வாக்கெடுப்புக்கு முன் பலிக்காது. முன்கூட்டியே, கேட்காமலே, இணையத்தில் இருந்தால் மட்டுமே பலிக்கும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2017 பெப்ரவரி 3 வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளில் 20ஆவது, எவரும் கேட்காமலே பகிரங்க அதிகாரசபைகள் வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. வரவு செலவுத் தகவல், பெறுகை, அதாவது கேள்விமனுக் கோரல் முதல் ஒப்பந்தம் வரையான தகவல், முடிவெடுக்கும் முறை எல்லாம் அதில் உண்டு. சட்டத்தின் 9ஆம் பிரிவு இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. உள்நாட்டுப் பணத்தில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமோ, வெளிநாட்டுப் பணத்தில் 100,000 டொலருக்கு மேற்பட்ட திட்டமோ தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அவசரமானால் ஒரு வாரம் முன்பு.

இந்த 500,000 என்ற எண்ணில் சற்று நிற்க விரும்புகிறேன். சட்டம் நடைமுறைக்கு வந்த 2017இல் டொலர் ஏறக்குறைய 150 ரூபா. 5 இலட்சம் என்பது 3,300 டொலர். இன்று டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கிறது. அதே 5 இலட்சம் இப்போது 1,700 டொலருக்கும் குறைவு. வெளிநாட்டுத் திட்டத்துக்கான எல்லையோ மறுபக்கம் போய்விட்டது. அன்று ஒன்றரைக் கோடி ரூபாவாக இருந்த 100,000 டொலர் இன்று 3 கோடி. இரண்டு எல்லைக்கும் இடையில் அன்று 30 மடங்கு, இன்று 60 மடங்கு. ரூபா விழ விழ, உள்நாட்டுப் பணத்தில் நடக்கும் சின்னச் சின்ன வேலைகளும் சட்டத்தின் வலைக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. சீமெந்தும் தாரும் விற்கும் விலைக்கு, ஓர் ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் காண் கட்டினாலே 5 இலட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு பொருளாதார நெருக்கடியின் விளைவாக, யாரும் திட்டமிடாமலே, இந்தச் சட்டம் வீதி மட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னோர் எண். சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கான கடனுக்கு 2023 மார்ச் 20இல் அனுமதி வழங்கியது. நம் சபையின் ஆயுள் முடிந்ததற்கு மறுநாள். அதே ஆண்டு செப்ரெம்பர் 30இல் ஆட்சிமுறை பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. 100 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தங்களை எல்லாம் இணையத்தில் வெளியிடுங்கள் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்ல பரிந்துரை. ஆனால் நம் சொந்தப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் எல்லை 5 இலட்சம், வெளியிலிருந்து வந்த பரிந்துரையின் எல்லை அதன் 2,000 மடங்கு. கொட்டாஞ்சேனையில் 80 இலட்சம் ரூபாவுக்கு ஒரு மலசலகூடத் தொகுதி கட்டினால், வெள்ளவத்தையில் 4 கோடிக்கு ஒரு வீதியைப் போட்டால், இரண்டும் 100 கோடி எல்லையின் கீழே நழுவிப்போகும். 5 இலட்ச எல்லை இரண்டையும் பிடிக்கும்.

எந்த எல்லை குடிமகனுக்கு உதவும் என்பதை யோசித்தால் விடை எளிது. 100 கோடி ஒப்பந்தத்தை என்னால் சரிபார்க்க முடியாது. அதற்குப் பொறியியலாளர் வேண்டும், கணக்காய்வாளர் வேண்டும். 12 இலட்ச ரூபாக் காணை நான் நடந்து அளந்து பார்க்கலாம். கல் போட்டார்களா, மூடி போட்டார்களா, மழை பெய்தால் தண்ணீர் ஓடுகிறதா என்று அந்த ஒழுங்கையில் இருக்கும் எந்த அம்மாவும் சொல்வார். இராஜஸ்தானின் கிராமங்களில் 1994இல் தொடங்கிய பொதுவிசாரணைகள் இந்த அளவில்தான் வெற்றிபெற்றன. வேலைப் பதிவேட்டில் கூலி வாங்கியதாக எழுதியிருந்த பெயர்களை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். இறந்துபோனவர்களின் பெயரும் ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரும் வந்தபோது, எந்தக் கணக்காய்வும் கண்டிராததை ஊர் கண்டது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த விசாரணைகளே வேர்.

இங்கே கணக்காய்வு இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையின்படி கணக்காய்வாளர் நாயகம் உள்ளூராட்சி மன்றங்களின் கணக்கையும் பார்க்கிறார், அறிக்கைகள் இணையத்திலும் வருகின்றன. அது ஆண்டு முடிந்த பிறகு வருவது. அதற்குள் காண் கட்டி முடிந்திருக்கும், அல்லது கட்டாமலே முடிந்திருக்கும். தவிர, உள்ளூராட்சிக் கணக்குகள் பொதுவாக நிகழ்ச்சித்திட்டம், செலவுத் தலைப்பு என்று ஓடுகின்றன. பொது நிர்வாகம், சுகாதாரம், பௌதிகத் திட்டமிடல், பொதுப் பயன்பாடு, நலன்புரி. வெள்ளவத்தை வடக்கு, வெள்ளவத்தை தெற்கு, கொட்டாஞ்சேனை கிழக்கு, கொட்டாஞ்சேனை மேற்கு என்று அவை ஓடுவதில்லை. நகர மண்டபத்துக்கு வசதியான வரிசை அது. வட்டாரத்தில் வாழ்பவருக்கு அதில் தன் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

9ஆம் பிரிவில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. திட்டத்தை முன்கூட்டி அறிவிக்கும் கடமையைச் சட்டம் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர்மீது வைத்திருக்கிறது. ஒழுங்கைக் காணின் கோப்பு இருப்பதோ மாநகர சபையில். பொறுப்பு ஒரு கட்டடத்திலும் தாள் இன்னொரு கட்டடத்திலும் இருந்தால், இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்ட வழி உண்டு. அந்த வழியை அடைக்க 20ஆவது ஒழுங்குவிதி போதும் என்பது என் எண்ணம். அது பகிரங்க அதிகாரசபையையே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது.

வடகொழும்பில் இருப்பவர்களுக்கு இது கடுதாசிக் கணக்கு மட்டும் அல்ல. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துப் புளூமெண்டால் குப்பைமேட்டில் கொட்டுவது 2009இல் நீதிமன்ற ஆணையோடு நின்றது. நகரத்தின் குப்பை எல்லை தாண்டி மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், அந்த மேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து அன்றைக்குச் சரியாக 70 நாள். ஒருவரின் உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலை 48 மணிநேரத்தில் தர வேண்டும் என்ற வாசகம் அந்தச் சட்டத்தில் அப்போதே இருந்தது. நாளொன்றுக்கு எத்தனை தொன் கொட்டப்படுகிறது, யார் அளக்கிறார், மேடு தாங்குமா என்று எவராவது பரிசோதித்தாரா என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள் என்று அந்த மேட்டின் அடியில் வாழ்ந்தவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்?

பணப் பக்கத்திலும் குப்பை பெரிய எண். நகரில் நாளொன்றுக்குச் சேர்வது சுமார் 700 தொன். ஆண்டுக்கு 255,500 தொன். அள்ளி, ஏற்றி, இறக்குவதில் தொன்னுக்கு 100 ரூபா கூடினாலும் ஆண்டுக்கு 2 கோடி 55 இலட்சம் ரூபா வித்தியாசம். 5 இலட்ச ரூபா வேலைகள் 51க்குச் சமம். 2021இல் கெரவலப்பிட்டியில் 10 மெகாவாட் குப்பை மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, எத்தனை தொன் எங்கே போகிறது, ஒவ்வொரு இடத்திலும் தொன்னுக்கு என்ன விலை என்ற இரண்டு எண்களும் மாதாமாதம் வெளியே வர வேண்டியவை. 12 வரி கொண்ட ஓர் அட்டவணை போதும்.

கழிவுநீர் இன்னொன்று. நகரின் பழைய கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இரண்டு இடத்தில் கடலில் சேர்கிறது. வடக்கே முகத்துவாரம், தெற்கே வெள்ளவத்தை. இந்தத் தொகுதியைத் திருத்த ஆசிய அபிவிருத்தி வங்கி 2009இல் 100 மில்லியன் டொலர் கடனுக்கு அனுமதி கொடுத்தது. 9ஆம் பிரிவின் டொலர் எல்லையின் 1,000 மடங்கு. அந்தக் கடனின் ஆவணங்கள் மணிலாவில் இருக்கும் வங்கியின் இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. கொடுத்தவர் வெளியிட்டிருக்கிறார். அதை வாசிக்க, வெள்ளவத்தைக் கடற்கரையில் இருந்து குழாயைப் பார்க்கும் ஒருவருக்கு ஆங்கிலமும் வேண்டும், மணிலாவில் தேட வேண்டும் என்ற அறிவும் வேண்டும்.

மொழியைச் சொல்லும்போது ஒரு தொழில்நுட்ப விடயம், இது தமிழருக்கே உரிய வலி. இலங்கையில் அரச ஆவணங்களின் தமிழ்ப் பிரதிகள் பலகாலம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழ். கணினிக்குள் அவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். சோலை வரி என்று தேடினால் ஆவணம் முழுக்க அந்தச் சொல் இருந்தும் தேடுபொறி இல்லை என்று சொல்லும். படி எடுத்து ஒட்டினால் குப்பை எழுத்து வரும். இதைவிட மோசமானது அச்சடித்த தாளை ஸ்கேன் செய்து ஏற்றும் பிடிஎஃப். பக்கத்துக்கு 200 கிலோபைட் என்றாலும் 300 பக்கம் 60 மெகாபைட். கைபேசி டேட்டாவில் இறக்குகிறவருக்கு அது செலவு. இறக்கினாலும் ஒரு நிரலைக்கூடக் கூட்டிப் பார்க்க முடியாது, எல்லாம் படம். அதே எண்கள் யுனிகோடிலும் விரிதாளிலும் இருந்தால் 1 மெகாபைட்டும் வராது, தேடலாம், கூட்டலாம், சென்ற ஆண்டோடு ஒப்பிடலாம். ஒன்றை வெளியிட்டோம் என்று சொல்வதற்கும், வாசிக்கத் தந்தோம் என்று சொல்வதற்கும் இடையில் உள்ள தூரம் இந்த 59 மெகாபைட்.

மும்மொழியிலும் போட ஆள் இல்லை என்ற பதில் வரும். அதற்கும் கணக்கு இருக்கிறது. கணக்குக்காக நகரில் 66 வட்டாரம் என்று வைத்துக்கொள்வோம். வட்டாரத்துக்கு ஆண்டில் 5 வேலை என்று வைத்தால் 330 வரி. ஒவ்வொரு வரிக்கும் 8 நிரல்: தொடர் இலக்கம், வீதி, வேலை, மதிப்பீடு, ஒப்பந்தகாரர், தொடங்கும் நாள், முடியும் நாள், இதுவரை கொடுத்த தொகை. மொத்தம் 2,640 கட்டம். இதில் 5 நிரல்கள் வெறும் எண்ணும் திகதியும், மும்மொழியிலும் ஒன்றே. 1,650 கட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை. மீதி 990இல் வீதிப் பெயர்கள் பெயர்ப்பலகையில் ஏற்கெனவே மூன்று மொழியில் தொங்குகின்றன, ஒப்பந்தகாரர் பெயர்கள் திரும்பத் திரும்ப வருபவை, வேலைவகை காண், தார், கல் பதித்தல், விளக்கு, மலசலகூடம் என்று இருபது சொல்லுக்குள் அடங்கும். ஒரு முகாமைத்துவ உதவியாளருக்குச் சில நாள் வேலை. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் ஒருவர் தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமையின் செலவு கடைசியில் இருபது சொல்.

அந்த அட்டவணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நடப்பு ஆண்டில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளை இன்றைக்கே கேட்கலாம். நகர மண்டபத்தில் உள்ள மாநகர சபைத் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதுங்கள். உங்கள் வீதியின் பெயரைப் போட்டு, இவ்வாண்டு அங்கே 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட வேலைகள் எவை, ஒவ்வொன்றின் மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, தொடங்கும் முடியும் நாட்கள், இதுவரை கொடுத்த தொகை என்ன என்று கேளுங்கள். வட்டாரம் முழுவதையும் கேட்டால் 21 நாள் நீடிப்புக்கு இடம் கொடுத்தவராவீர்கள். ஒரு வீதியைக் கேட்டால் அந்தக் காரணம் எழாது. விடை மின்னஞ்சலில் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கி, அதில் உள்ள திகதியிலிருந்து 14 வேலை நாள் எண்ணுங்கள். விண்ணப்பக் கட்டணம் 0, மின்னஞ்சல் 0. தாளில் தந்தாலும் ஒரு வீதியின் கணக்கு 4 பக்கத்தைத் தாண்டாது. அதுவும் 0.